கப்பில் நிற்கும் நாலு ஸ்பூன் பெட்ரோல்: ஓடாமல் கிடக்கும் வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் ஒரு வழிகாட்டி

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் ஊரில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாட்டுக் கொட்டகை மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த ஜெனரேட்டரை நானும் சித்தப்பாவும் வெளியே இழுத்து வைத்தோம். கடைசியாக அது ஓடியது ஒன்றரை வருடத்துக்கு முன், அக்கா கல்யாணத்தில். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. “நல்லவேளை” என்றார் சித்தப்பா. கயிற்றைப் பிடித்து இழுத்தோம். முப்பது தடவை, நாற்பது தடவை, தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பழையதை வடித்துவிட்டுப் பைக்கில் இருந்து பெட்ரோல் எடுத்து ஊற்றியும் பார்த்தோம். அசையவில்லை.

மூன்றாம் நாள் மெக்கானிக் அண்ணன் வந்தார். டேங்க் மூடியை அவர் திறக்கவே இல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டருக்கு அடியில் நேராகக் கையை விட்டு, ஒற்றை போல்ட்டைக் கழற்றி, கிண்ணம் மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். கருப்பட்டிப் பாகு காய்ந்து ஒட்டியது போல அடியில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த வாடை. “டேங்க்ல இருக்கறத விடு தம்பி, இந்தக் கப்புல நிக்குற நாலு ஸ்பூன்தான் ஆளக் கவுக்கும்” என்றார். அரை மணி நேரத்தில் ஜெனரேட்டர் ஓடியது. அன்று ராத்திரி தெருவில் பாதிப் பேருடைய போன் எங்கள் திண்ணையில்தான் சார்ஜ் ஏறியது.

ஜெனரேட்டருக்கு மட்டும் வரும் வியாதி இல்லை இது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர் விட்டுப்போன பைக், அப்பா ஓட்டாமல் நிறுத்திவிட்ட ஸ்கூட்டர், வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் வெளியே வரும் புல் வெட்டும் மிஷின், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் எல்லாவற்றுக்கும் இதுதான் கதை. ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லாதவரும் செய்யக்கூடிய வேலைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நின்ற பெட்ரோலுக்கு என்ன ஆகிறது

பெட்ரோல் ஒரே ஒரு பொருள் இல்லை. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் கலந்த கலவை. அதில் சில 35, 40 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். சில 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். குளிர்ந்து கிடக்கும் இன்ஜினில் முதல் பொறிக்குப் பற்றிக்கொள்வது அந்த லேசான பகுதிதான். நிறுத்தி வைத்தால் முதலில் ஓடிப்போவதும் அதுதான். மிச்சம் இருப்பது சுண்டிப்போன குழம்பு மாதிரி. எரியும், ஆனால் குளிர்ந்த இன்ஜினில் லேசில் பற்றாது.

அடுத்தது காற்று. கச்சா எண்ணெயின் கனமான பகுதியை உடைத்துப் பெட்ரோலாக்கும்போது, காற்றில் உள்ள ஆக்சிஜனுடன் சுலபமாகச் சேரும் சில மூலக்கூறுகளும் உள்ளே வந்துவிடுகின்றன. சுத்திகரிப்பு ஆலையிலேயே இதைத் தடுக்க மருந்து கலந்துதான் அனுப்புவார்கள். நாளாக ஆக அந்த மருந்து தீர்ந்துபோகும். அப்புறம் பிசின் உண்டாகத் தொடங்கும். முருங்கை மரத்துப் பிசின் போல முதலில் பிசுபிசுப்பு, பிறகு வார்னிஷ் அடித்த மாதிரிக் கெட்டி. வெயில் இதை வேகப்படுத்தும். செம்பும் வேகப்படுத்தும். கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் பொடித் துளைத் திருகான ஜெட்டைச் செய்வது பித்தளையில், பித்தளையில் பெரும்பங்கு செம்பு என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தண்ணீர். இந்தியாவில் பெட்ரோலோடு 10 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை 2022 ஜூனில் எட்டினார்கள். 2025-ல் அது 20 சதவீதம் ஆனது. பங்க்கில் ‘இ20’ என்று எழுதியிருப்பது இதைத்தான். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உடையது. கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். 10 சதவீதக் கலவை என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மி.லி., 20 சதவீதத்தில் அதைவிடக் கூடுதல். அதுவரை பிரச்சினை இல்லை. அளவு தாண்டினால், தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். டேங்கில் இருந்து இன்ஜினுக்குப் போகிற வழி இருப்பதும் அடியில்தான். அந்த அடித்தண்ணீர் இரும்பு டேங்கைத் துருவாக்கும், அலுமினியக் கார்ப்பரேட்டரில் சுண்ணாம்பு பூத்தது போல வெள்ளையாகப் படியும். மேலே மிஞ்சிய பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் (தட்டாமல் எரியும் தன்மை) குறைந்துபோய் இன்ஜினை ‘டக் டக்’ என்று தட்டவைக்கும். வண்டியை ஆட்டிவிட்டால் கலந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். கலக்காது.

இப்போதெல்லாம் வண்டி இருமினால்கூட எத்தனால்மேல் பழி போடுகிறார்கள். பிசின் கட்டுவது எத்தனால் வருவதற்கு முன்பே இருந்த சங்கதி. எங்கள் ஜெனரேட்டரைக் கவிழ்த்ததும் பிசின்தான். மழைக்காலத்தில் மூடி சரியில்லாத டேங்க் என்றால் மட்டும் என் சந்தேகம் முதலில் எத்தனால் பக்கம் போகும்.

ஏன் கப் முதலில் கெடுகிறது

டேங்கில் ஐந்து, பத்து லிட்டர் நிற்கிறது. கப்பில் நிற்பது சின்ன இன்ஜின்களில் 20, 30 மி.லி. மட்டும். அதற்குக் காற்றோட்டத் துளை உண்டு, இருக்கும் இடமோ சூடான இன்ஜினை ஒட்டி. ஆஃப் செய்தபிறகு வரும் சூட்டிலேயே லேசான பகுதி பறந்துவிடும். சில வாரங்களில் மிச்சமும் சுண்டி, அதில் இருந்த பிசின் முழுக்க ஒரே இடத்தில் படியும். ஐட்லிங்கில் இன்ஜினுக்குப் பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை அடைக்க ஒரு துளி பிசின் போதும்.

இதனால்தான் பழைய பெட்ரோலின் முதல் அறிகுறி எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது: சோக் போட்டால் ஓடும், சோக்கை எடுத்தால் அணையும். பைலட் ஜெட் பாதி அடைத்துக்கொண்டதால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. சோக் அந்தக் காற்றைக் குறைத்து ஈடுகட்டுகிறது. இந்த நிலையில் கவனித்தால் செலவு குறைவு. “சூடானால் சரியாகிடும்” என்று சோக்கிலேயே வாரக்கணக்கில் ஓட்டினால் பிளக் கரிபிடித்து அதற்கும் தனியாகச் செலவு.

நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இது. கப்பில் ஒரு மாதம். வெயிலில் நிற்கும் வண்டிக்கு அதுவும் இல்லை. மூடி இறுக்கமான டேங்கில் மூன்று மாதம் வரை கவலைப்படமாட்டேன், ஆறு மாதம் என்றால் முகர்ந்து பார்ப்பேன், ஒரு வருடம் தாண்டியதை யோசிக்காமல் வடித்துவிடுவேன்.

கெட்டதா, நல்லதா?

ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டிலில் டேங்கின் அடியில் இருந்து கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்தில் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் கோடு கிழித்தது போல இன்னொரு அடுக்கு தெரிந்தால் தண்ணீர் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். நிறம் பக்கத்தில் வைத்த புதுப் பெட்ரோலைவிடக் கறுத்து, காபி டிகாஷன் பக்கம் போயிருந்தால் பிசின். வாடை இன்னும் சுலபம். புதுப் பெட்ரோல் மூக்கில் சுள்ளென்று ஏறும். கெட்டது மந்தமாக, புளித்த பெயின்ட் மாதிரி இருக்கும். குனிந்து ஆழமாக இழுக்க வேண்டாம், கையால் விசிறிப் பார்த்தாலே தெரியும்.

பங்க்கில் கலப்படம் பார்க்க ஃபில்டர் பேப்பர் கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியும். அதே பேப்பரில் இதையும் பார்க்கலாம். ஒரு சொட்டு விட்டால் நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் தடம் இல்லாமல் ஆவியாகிவிடும். கெட்டது எண்ணெய்ப் பலகாரம் வைத்த பேப்பர் போல வட்டமாகக் கறை விடும்.

நிறுத்தும்முன் செய்யவேண்டியது

வேலையைத் திறந்தவெளியில், இன்ஜின் ஆறியபிறகு செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து அடுத்த அறையில் இருக்கும் சாமி விளக்கையோ கேஸ் அடுப்பையோ போய்த் தொடும். கொசுவர்த்தியும் பக்கத்தில் கூடாது.

1. எவ்வளவு நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மூன்று, நான்கு மாதம் என்றால் டேங்கை நிரப்பி வைப்பதே நல்லது. காலி இடம் குறைந்தால் உள்ளே காற்றும் ஈரமும் குறைவு, இரும்பு டேங்கும் துருப்பிடிக்காது. ஆனால் கழுத்துவரை தளும்ப ஊற்றக்கூடாது. பத்து லிட்டர் பெட்ரோல், இரவுக்கும் பகலுக்கும் 20 டிகிரி வித்தியாசத்தில் ஒரு டம்ளர் அளவு, அதாவது சுமார் 200 மி.லி. விரியும்.

2. அதற்குமேல் நிறுத்துவதாக இருந்தால் முழுக்க வடித்துவிடுங்கள். வடித்ததை ஓடுகிற இன்னொரு வண்டியில் ஊற்றிக்கொள்ளலாம். டேங்க் இரும்பு என்றால் உள்ளே கொஞ்சம் இன்ஜின் ஆயிலை விட்டு எல்லாப் பக்கமும் படும்படி சாய்த்து எடுங்கள்.

3. ஃப்யூல் ஸ்டெபிலைசர் என்று ஆன்லைனில் கிடைக்கிறது. நிரப்பி வைக்கிற வழியை எடுத்தால் பயன்படும். டப்பாவில் எழுதிய அளவில் புதுப் பெட்ரோலில் கலந்து, மருந்து எல்லா இடத்துக்கும் போகும்படி இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டவேண்டும். கெட்டுப்போன பெட்ரோலில் ஊற்றினால் காசுதான் வீண். ஊசிப்போன குழம்பை ஃபிரிட்ஜில் வைத்த கதை.

4. இதுதான் முக்கியமான வேலை. பெட்ரோல் டேப்பை ஆஃப் செய்துவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் தானாக அணையும். அணைந்துவிட்டதே என்று எழுந்து போய்விடாதீர்கள். ஜெட்டுக்கு எட்டாத கடைசிப் பெட்ரோல் இன்னும் கப்பின் அடியில் நிற்கும். கப்புக்கு அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கீழே ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து அதை இரண்டு சுற்று தளர்த்தினால் மிச்சம் சொட்டிவிடும். நின்றதும் திரும்ப முறுக்குங்கள்; அலுமினியம் என்பதால் பலம் காட்டவேண்டாம். சில ஜெனரேட்டர்களில் ஸ்க்ரூவுக்குப் பதில் கப்பையே பிடித்திருக்கும் போல்ட்தான் இருக்கும். அந்த இடத்தில் உள்ள வாஷர் தொலைந்தால் அப்புறம் ஒழுகும், பத்திரம்.

5. எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்று ஒரு துண்டு ஒட்டும் டேப்பில் எழுதி டேங்கின்மேல் ஒட்டுங்கள். சித்தப்பாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை, “எனக்கு ஞாபகம் இருக்கும்” என்பார். இருந்ததில்லை.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். கப்பில் புதுப் பெட்ரோல் வரும், அது நல்லதுதான். ஆனால் முழுச் சூடு ஏறாமல் அணைத்தால் சைலன்சரிலும் ஆயிலிலும் ஈரம் தங்கும். வீட்டில் ஓட்ட ஆள் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் கப்பை வடித்து நிறுத்துவதே மேல்.

ஏற்கெனவே நின்றுபோன இன்ஜினை எழுப்புவது

கிக் அடிக்கும் ஆசையை முதலில் அடக்கவேண்டும். முகர்ந்து பார்க்காமல் அடித்து, எப்படியோ ஓடிவிட்டால் அதில் இன்னொரு ஆபத்து உண்டு. கடுமையாகப் பிசின் கட்டிய பெட்ரோல் சூட்டில் எரியும். அதன் பிசின் இன்டேக் வால்வின் தண்டில் ஒட்டும். ராத்திரி ஆறியதும் அது கோந்தாக இறுகி, மறுநாள் வால்வு மூடாமல் நின்றுவிடும். கார்ப்பரேட்டரில் முடியவேண்டிய வேலை, ஹெட்டைக் கழற்றும் வேலையாக மாறும்.

அதனால் டேங்கை வடியுங்கள். மூடியைத் திறந்து டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் ஓஸை விரலால் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். இ20-க்கு ஏற்ற ரப்பர் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டியில் ஓஸ் சீக்கிரம் இறுகலாம். ஓஸின் நடுவே ஃபில்டர் இருந்தால் அதையும் புதிதாகப் போடுங்கள். பிறகு கப்பின் ஸ்க்ரூவைத் திறந்து, டேங்கில் ஒரு லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றி, டேப்பை ஆன் செய்து அரை டம்ளர் அளவு கப் வழியாக ஓடவிட்டு மூடுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, சோக் போட்டு அடியுங்கள். ஓரிரு மாதம் மட்டும் நின்ற வண்டி பெரும்பாலும் இதிலேயே எழுந்துவிடும்.

எழவில்லை, அல்லது சோக்கை எடுத்தால் அணைகிறது என்றால் கப்பைக் கழற்றவேண்டும். கழற்றுவதற்கு முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஃப்ளோட் (மிதவை) இருக்கும், நடுவே மெயின் ஜெட், பக்கத்தில் குழிக்குள் பைலட் ஜெட். ஜெட்டின் தலையில் சரியாகப் பொருந்துகிற ஸ்க்ரூ டிரைவரால் கழற்றுங்கள்; பொருந்தாததைப் போட்டால் பித்தளை மழுங்கி, வெளியே வராது. கழற்றியதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாக, பளிச்சென்று தெரியவேண்டும். தெரியவில்லையா, கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை அடித்து ஊறவிட்டு, கரண்டு ஒயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பியில் ஒரு இழையை மட்டும் விட்டு எடுங்கள். ஊசி, சேஃப்டி பின், கிளட்ச் கேபிள் கம்பி எதுவும் வேண்டாம். துளை ஒரு முடியளவு பெரிதானாலும் வண்டி அதற்கப்புறம் ஆயுசுக்கும் பெட்ரோல் குடிக்கும். அந்த ஸ்பிரே ரப்பரைக் கெடுக்கும். ஓ-ரிங், டயாஃப்ரம் இருந்தால் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தது இன்னொரு துளை வழியாகச் சரியாகக் கண்ணுக்குத்தான் வரும், எனக்கு வந்திருக்கிறது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி வேறு கேஸ். அதை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டரிலும் ஆயிலிலும் தண்ணீர் இருக்கலாம், நேராக மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள்.

எஃப்ஐ வண்டியும் டூ ஸ்ட்ரோக்கும்

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபிறகு வாங்கிய பைக், ஸ்கூட்டர் என்றால் அநேகமாக ஃப்யூல் இன்ஜெக்‌ஷன்தான். கார்ப்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் முறை, சுருக்கமாக எஃப்ஐ. கப் இல்லை, மூடிய அமைப்பு என்பதால் தாங்கும் நாளும் அதிகம். ஆனால் கெட்டால் செலவும் அதிகம். பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கி இருக்கும். அதைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். ஆகவே இந்த வண்டிகளைச் சொட்டுப் பெட்ரோலில் நிறுத்தவேண்டாம், நிரப்பி நிறுத்துங்கள். திரும்ப எடுக்கும்போது சாவியை ஆன் செய்தால் இரண்டு, மூன்று விநாடி ‘ஙீ’ என்று பம்ப் சத்தம் கேட்கவேண்டும். இரண்டு, மூன்று முறை ஆன் செய்து ஆஃப் செய்துவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தமே இல்லையென்றால் பேட்டரியைப் பார்த்துவிட்டு சர்வீசுக்குக் கொண்டுபோங்கள், இதில் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

புல் வெட்டும் மிஷின், மரம் அறுக்கும் மிஷின் போன்றவற்றில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோல். கலந்ததை ஒரு மாதத்துக்குமேல் வைக்காதீர்கள். ஒரு நாள் வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் கலக்கவேண்டும். பெட்ரோல் மட்டும் ஆவியானால் மிஞ்சுவதில் ஆயில் விகிதம் கூடிப்போகும். மிஷின் புகையும், பிளக் நனையும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

கேனில் வைப்பது, கழிப்பது

புயல் சீசனுக்கென்று வீட்டில் கொஞ்சம் வைத்திருப்பவர்களுக்கு: 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் இறுக்க மூடிய உலோகக் கேனில், ஒரு கேன் 25 லிட்டருக்கு மிகாமல் இருக்கவேண்டும். தண்ணீர் பாட்டிலும் சமையல் எண்ணெய்க் கேனும் இதற்கானவை இல்லை. என்னைக் கேட்டால் ஐந்து லிட்டருக்குமேல் வைக்காதீர்கள். படுக்கிற அறையில் இருந்து தள்ளி, நிழலில், தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வண்டியில் ஊற்றிவிட்டுப் புதிதாக வாங்கி வைத்தால் ஸ்டெபிலைசரே தேவையில்லை.

வடித்த பழையது என்ன ஆவது? தண்ணீர் பிரியாமல், நிறம் மாறாமல், கொஞ்சம் மந்தமாக மட்டும் இருந்தால் துணியில் வடிகட்டி, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு புதுப் பெட்ரோல் சேர்த்துப் பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் ஓட்டித் தீர்க்கலாம். எஃப்ஐ வண்டியில் வேண்டாம். டிகாஷன் நிறத்துக்குப் போனதை எந்த வண்டியிலும் ஊற்றாதீர்கள். சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ கொட்டினால் கிணற்றுத் தண்ணீருக்குப் போகும். குப்பை கொளுத்த ஊற்றுவது அதைவிட மோசம். ஊற்றி முடித்துத் தீக்குச்சி உரசுவதற்குள் ஆவி உங்கள் காலடிவரை வந்திருக்கும். எங்கள் ஊரில் மெக்கானிக் கடைக்கே கொடுத்துவிடுகிறோம், செயினும் கியரும் கழுவ வாங்கிக்கொள்கிறார்கள். கேனைக் கொடுக்கும்போது “பழசு” என்று சொல்லிவிட்டு, மேலேயும் பெரிதாக எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருகிற வண்டிக்கு அதையே ஊற்றிவிடுவார்கள்.